சட்டமன்ற இருக்கையும் கணக்கு நோட்டும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கூடிய அமர்வில் ஆற்றப்பட்ட உரை)



உங்கள் கடை ரசீதை எடுத்து மேலே அச்சிட்டிருக்கும் முகவரியைப் பாருங்கள். சிலருக்குப் பெரம்பலூர் மாவட்டம் என்றிருக்கும். சிலருக்கு அரியலூர் மாவட்டம் என்றிருக்கும். உங்கள் வாப்பா காலத்து ரசீது பரணில் எங்காவது கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். அதில் திருச்சி மாவட்டம் என்றுதான் இருக்கும்.

1995 நவம்பர் 1-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31-ல் அரியலூர் மாவட்டமே இல்லை என்று சொல்லி மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் அது மீண்டும் தனி மாவட்டம் ஆனது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு உத்தரவுகள்! இதனால் லாபம் அடைந்தவர்கள் பெயர்ப் பலகை எழுதுகிறவர்களும் ரசீது அச்சடிக்கும் பிரஸ்காரர்களும்தான். ஒரு ஜாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் எந்த ஊர் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறுவது என்று தெரியாமல் அலைந்த ஏழைகளைப் பற்றி யார் கணக்கு எழுதினார்கள்?

இந்த நான்கில் 1995 உத்தரவும் 2002 உத்தரவும் ஒரே முதலமைச்சரின் ஆட்சியில் வந்தவை. நம் மாவட்டத்தைப் பிறக்க வைத்ததும், பிரிந்து போனதைத் திரும்ப ஒட்டியதும் ஒரே கைதான். அவர் பிற்காலத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர்களின் பிரதிநிதியாகவும் ஆனார். இங்கிருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொள்ளிடம் பாலம். அதைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அந்த ஸ்ரீரங்கத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்போதுதான் 2014 செப்டம்பர் 27 அன்று அவருடைய பதவி ஒரே நாளில் பறிபோனது. செல்வி ஜெயலலிதா அம்மையாரைத்தான் சொல்கிறேன்.

அவருடைய ஆட்சியில் நமக்கு நடந்த நல்லது கெட்டதைப் பேச நான் வரவில்லை. அதற்கு ஒரு தனிக் கூட்டம் வேண்டும். 2002-ல் கொண்டுவந்து 2004-ல் திரும்பப் பெற்ற மதமாற்றத் தடைச் சட்டத்தை மட்டும் பேசவே ஒரு மாலைப் பொழுது போதாது. இன்று நான் பேச வந்தது அவர் வகித்த மிகச் சிறிய பதவியைப் பற்றி. எம்.எல்.ஏ. என்கிற பதவியைப் பற்றி. முதலமைச்சர் நாற்காலி எவ்வளவு உயரமானாலும் அது நிற்பது இந்தச் சின்ன முக்காலியின் மேல்தான். முக்காலியை உருவினால் நாற்காலி தானாக விழும். அது அவருக்கு ஒரு தடவை அல்ல, மூன்று தடவை நடந்தது!

எழுச்சி

அவர் ஏறி வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது மனப்பாடம். 1948-ல் மைசூர்ப் பகுதியின் மேலுகோட்டையில் பிறந்தவர். 1965-ல் தமிழ்த் திரையில் கதாநாயகி. 1982-ல் அ.தி.மு.க. உறுப்பினர். மறு ஆண்டே கொள்கை பரப்புச் செயலாளர். 1984-ல் ராஜ்யசபை. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தார், கட்சி இரண்டானது. 1989 தேர்தலில் சேவல் சின்னத்தில் நின்று போடிநாயக்கனூரில் வென்றார். தமிழகத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அந்த ஆண்டு மார்ச் 25 அன்று, பட்ஜெட் நாளில், சட்டமன்றத்துக்குள் நடந்த அசிங்கத்தை இந்த நாடே பார்த்தது. ஒரு பெண் உறுப்பினருக்கு மன்றத்தில் அப்படி நடந்திருக்கக் கூடாது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1991-ல் ராஜீவ் காந்தி படுகொலை. அனுதாப அலை. அ.தி.மு.க. - காங்கிரஸ் அணி ஏறக்குறைய எல்லா இடங்களையும் அள்ளியது. அம்மையார் பர்கூர், காங்கேயம் என்று இரண்டு தொகுதிகளில் வென்று, பர்கூரை வைத்துக்கொண்டார். ஜூன் 24-ல் முதலமைச்சர். வயது 43.

ஒரு ரூபாய் சம்பளம்

பதவி ஏற்றவுடன் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். மாதம் 1 ரூபாய்தான் சம்பளம் வாங்குவேன் என்றார். நாடு கைதட்டியது. வியாபாரிகளாகிய உங்களைக் கேட்கிறேன். ஒரு கடைக்கு மேனேஜர் வேலைக்கு வருகிறவர், முதலாளி, எனக்குச் சம்பளமே வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் மகிழ்ச்சி அடைவீர்களா, கல்லாச் சாவியைப் பத்திரப்படுத்துவீர்களா?

1995 செப்டம்பர் 7-ல் சென்னையில் வளர்ப்பு மகன் திருமணம். மின்விளக்கும் தோரண வாயிலும் பந்தலும் ஊரையே மறைத்தன. அதற்கு இரண்டு மாதம் கழித்து நம் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. இங்கே புது மாவட்டத்துக்கு அலுவலகக் கட்டடம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், அங்கே அந்தப் பந்தலின் செலவைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருந்தது. அந்தச் செலவு எவ்வளவு என்பது பின்னால் மூன்று நீதிமன்றங்கள் கணக்குப் பார்த்த விஷயம் ஆயிற்று.

1996 தேர்தலில் மக்கள் தீர்ப்பு எழுதினார்கள். அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது 4 இடங்கள். பர்கூரில் முதலமைச்சரே தோற்றார், 8,366 வாக்கு வித்தியாசத்தில். இது முதல் வீழ்ச்சி. வாக்குப் பெட்டி தந்த வீழ்ச்சி. அந்த டிசம்பர் 7-ல் கலர் டி.வி. வழக்கில் கைது. போயஸ் தோட்ட வீட்டில் சோதனை. நகை, புடவை, செருப்பு என்று டி.வி.யில் காட்டினார்கள். மக்கள் செருப்பைப் பற்றிப் பேசினார்கள். வழக்கோ செருப்பைப் பற்றியது அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்.

இளைஞர்களே, இதைக் கேளுங்கள்

அவர் மீது வழக்குகள் வரிசையாக வந்தன. பல விடுதலையில் முடிந்தன. 2000 பிப்ரவரி 2 அன்று கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஓராண்டு தண்டனை விதித்தார்கள். அந்தத் தண்டனையும் அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. ஆனால் தீர்ப்பு வந்த அன்று தருமபுரியில் நடந்ததை எந்த மேல்முறையீடும் ரத்து செய்ய முடியாது. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா முடித்து வந்த பஸ்சைக் கட்சிக்காரர்கள் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்து போனார்கள்.

கொளுத்தியவர்களில் மூன்று பேருக்கு 2007-ல் தூக்குத் தண்டனை. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018-ல் அரசு அவர்களை விடுதலை செய்தது. இத்தனை ஆண்டும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்க எந்தத் தலைவரும் போகவில்லை என்று நான் சொல்லவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. அந்த மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்களின் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். இலப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் இருந்து இன்று எத்தனை பெண் பிள்ளைகள் கல்லூரி பஸ்சில் போகிறார்கள்! ஒரு தலைவருக்குத் தண்டனை என்றால் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு மாணவி ஏன் சாக வேண்டும்? தலைவர் வழக்கறிஞர் வைத்து வாதாடினார், விடுதலையும் ஆனார். தொண்டன் தூக்குமேடை வாசல்வரை போனான்.

நான்கு வேட்புமனுக்களும் ஒரு ஆளுநரும்

2000 அக்டோபர் 9-ல் டான்சி நில வழக்கில் 3 ஆண்டு தண்டனை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆவது பிரிவு சொல்கிறது: 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது. மேல்முறையீடு செய்து தண்டனையை நிறுத்தி வைத்தால் சிறை செல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான். குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கும்வரை தகுதியின்மையும் நிற்கும். இருந்தும் 2001-ல் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு தொகுதிகளில் மனு போட்டார். சட்டப்படி இரண்டுக்கு மேல் போடவும் கூடாது. நான்கும் தள்ளுபடி ஆயின.

ஆனால் கட்சி வென்றது. உறுப்பினராகவே இல்லாத அவரைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2001 மே 14-ல் முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம். செய்துவைத்தவர் யார்? ஆளுநர் பாத்திமா பீவி!

இங்கே சற்று நிற்போம். மர்ஹூமா பாத்திமா பீவி யார் என்று இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேரளத்தின் பத்தனம்திட்டையில் 1927-ல் பிறந்தவர். 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. ஆசியாவிலேயே ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்களில் ஒருவர் என்று போற்றப்பட்டவர். முஸ்லிம் பெண் படிக்கமாட்டாள், படித்தாலும் வெளியே வரமாட்டாள் என்று பேசியவர்கள் வாயை அடைத்தவர். 2023 நவம்பரில் மறைந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது.

பெரும்பான்மைக் கட்சி யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவரை அழைப்பது ஆளுநர் கடமை என்பது அவர் தரப்பு. உறுப்பினர் அல்லாத ஒருவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சட்டம் 164-ஆவது பிரிவு சொல்வதும் உண்மை. ஆனால் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து 2001 செப்டம்பர் 21-ல் வேறு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த ஆறு மாதச் சலுகை, தேர்தலில் நிற்கத் தகுதி உள்ளவருக்குத்தான். நிற்கவே தகுதி இல்லாதவரை மக்கள் எவ்வளவு விரும்பினாலும் முதல்வராக நியமிக்க முடியாது என்றார்கள். அன்றே பதவி போனது. இது இரண்டாவது வீழ்ச்சி. ஆளுநர் அதற்கு முன்பே போய்விட்டார். ஜூன் 30 நள்ளிரவில் கலைஞர் கைது செய்யப்பட்ட பிறகு, அவரைத் திரும்பப் பெற மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது, அவர் ராஜினாமா செய்தார்.

அந்த அம்மையாருக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. நம்மவர் என்பதால் தவறைச் சரி என்று சொல்லும் பழக்கம் நமக்கு வேண்டாம். அவர் முடிவு தவறு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அவருடைய நெடுங்கால உழைப்பையும் அந்த ஒரு நாள் பிரமாணத்தை வைத்தே எடை போடுகிறவர்களிடம் ஒன்று கேட்பேன். அந்தப் பிரமாணத்தைப் பார்க்க வரிசையில் நின்று பூங்கொத்துக் கொடுத்தவர்களில் எத்தனை பேரை இப்படி எடை போட்டீர்கள்?

2001 டிசம்பர் 4-ல் உயர் நீதிமன்றம் டான்சி வழக்கில் அவரை விடுவித்தது. 2002 பிப்ரவரியில் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்றார். மார்ச் 2-ல் மறுபடியும் முதல்வர். மார்ச் 31-ல் அரியலூர் மாவட்டம் காணாமல் போனது. சிக்கன நடவடிக்கை என்று காரணம் சொன்னார்கள். சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புச் சுரங்கங்களும் அரசுக்குக் கொட்டிக் கொடுக்கும் ஊரில்தான் அந்தச் சிக்கனம்!

சாட்சிகள் மறந்த காலம்

சொத்துக் குவிப்பு வழக்கு சென்னையில் நடந்துகொண்டிருந்தது. அவர் முதல்வர் ஆனதும் ஒரு விந்தை நடந்தது. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்தவர்களில் 76 பேரை மறுபடி கூப்பிட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் ஏன் மாற்றினாய் என்று அவர்களை மடக்கிக் கேட்கவும் இல்லை. முதல்வர் யார்? குற்றம் சாட்டப்பட்டவர். அரசு வழக்கறிஞரை நியமிப்பது யார்? அதே அரசு. தி.மு.க.வின் பேராசிரியர் அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18-ல் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றி உத்தரவு வந்தது.

பெங்களூரில் மட்டும் விரைந்து முடிந்ததா? இன்னும் பதினோரு ஆண்டு. 2011-ல் முதல்வராக இருக்கும்போதே நேரில் போய் 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். விசாரணைக் கைதியாகவே பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்த நம் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்கு வாய்தா சிறைக்குள் நடந்தது. இவருக்கு வாய்தா கோட்டைக்குள் நடந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்று மாத ஓட்டை அடைபட்டது

பதவியில் இருக்கும் எம்.எல்.ஏ., எம்.பி.க்கு மட்டும் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. 8-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு. தண்டனை பெற்றாலும் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவி போகாது. சாதாரண மனிதன் நிற்க முடியாது, பதவியில் இருப்பவன் மட்டும் உட்கார்ந்திருக்கலாம்! லில்லி தாமஸ் என்ற மூத்த பெண் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. மத்திய அரசு அதைத் திரும்பத் திறக்க அவசரச் சட்டம் தயாரித்தது. 2013 செப்டம்பர் 27-ல் ராகுல் காந்தி பத்திரிகையாளர் முன்னால் அதைக் கிழித்தெறிய வேண்டும் என்றார், அது கைவிடப்பட்டது.

தேதியைக் கவனித்தீர்களா? சரியாக ஓராண்டு கழித்து, 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூர் பரப்பன அக்ரஹாரத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா தீர்ப்புச் சொன்னார். 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். அந்த அவசரச் சட்டம் வந்திருந்தால் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ.வாகவே மேல்முறையீட்டுக்குப் போயிருப்பார். வராததால் அந்த நிமிடமே எம்.எல்.ஏ. பதவி போயிற்று, அதோடு முதல்வர் பதவியும் போயிற்று. பதவியில் இருக்கும்போது தண்டனை பெற்றுப் பதவி இழந்த முதல் முதல்வர் அவர்தான். 21 நாள் சிறை. ஸ்ரீரங்கம் காலி என்று அறிவித்தார்கள். இது மூன்றாவது வீழ்ச்சி.

அரியலூர்க்காரர்களுக்கு இன்னொரு நவம்பர் 23 நினைவிருக்கும். 1956-ல் அதே தேதியில் மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரிக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். டெல்லியில் இருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். பாலத்தை அவரா அரித்தார்? துணை அமைச்சர் ஓ.வி.அழகேசன் நம் தமிழ்நாட்டுக்காரர். மறு ஆண்டுத் தேர்தலில் அரியலூர், அழகேசன் என்று மோனை வைத்தே எதிர்க்கட்சிக்காரர்கள் பேசினார்கள், செங்கல்பட்டில் அவர் தோற்றார். நம் மண்ணில் நடந்த விபத்துக்காக இரண்டு பேர் விலை கொடுத்தார்கள். அப்போது 8-ஆவது பிரிவு அவர்கள் மேல் பாயவில்லை.

அந்தப் பிரிவை வியாபாரிகளும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். லஞ்சத்துக்கும் கொலைக்கும் மட்டும்தான் அது என்று நினைக்காதீர்கள். பதுக்கல், கொள்ளை லாபம், உணவுக் கலப்படம், மருந்துக் கலப்படம், வரதட்சணை இவற்றில் 6 மாதத் தண்டனை போதும், தேர்தலில் நிற்கும் தகுதி போய்விடும். இரு சமூகத்தாரிடையே பகை மூட்டும் பேச்சுக்குத் தண்டனை பெற்றால், வெறும் அபராதமாக இருந்தாலும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. மேடை கிடைத்தால் நரம்பு புடைக்கப் பேசும் தம்பிகள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். நாளைக்குச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டிய பிள்ளை, இன்றைக்கு ஒரு கைதட்டலுக்காக அந்த வாசலைச் சாத்திக்கொள்ளக் கூடாது.

கல்லாவுக்கு வருவோம்

இப்போது உங்கள் விஷயம். சொத்துக் குவிப்பு வழக்கு என்பது ஒரு கடையின் ஆண்டுக் கணக்குத்தான். ஆரம்ப இருப்பு எவ்வளவு, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, முடிவில் இருப்பு எவ்வளவு? 1991 ஜூலை 1 ஆரம்பம், 1996 ஏப்ரல் 30 முடிவு. ஆரம்பத்தில் சுமார் 2 கோடி. முடிவில், அவர் பெயரிலும் உடனிருந்த மூவர் பெயரிலும் கம்பெனிகள் பெயரிலும் சேர்த்து 66 கோடிக்கு மேல் என்பது அரசுத் தரப்பு. டி குன்ஹா ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். சொத்து 55.02 கோடி, செலவு 8.49 கோடி, வருமானம் 9.91 கோடி. வருமானத்துக்கு மீறியது 53.60 கோடி என்றார்.

எதிர்த்தரப்பு என்ன வரவு காட்டியது தெரியுமா? ஐதராபாத் திராட்சைத் தோட்டத்தில் 50 லட்சத்துக்கு மேல் வருமானம் என்றார்கள். நீதிபதி 10 லட்சம்தான் ஒப்புக்கொண்டார். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள் சிரிக்காதீர்கள்! நமது எம்.ஜி.ஆர். பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் கட்டிய டெபாசிட் சுமார் 14 கோடி என்றார்கள். வழக்கு வந்த பிறகு எழுதிய கணக்கு என்று அதை நீதிபதி தள்ளினார். நம்மில் யாராவது ரெய்டு முடிந்த பிறகு நோட்டு எழுதினால் விற்பனை வரி அதிகாரி என்ன செய்வார்? பிறந்த நாள் அன்பளிப்பு 2 கோடிக்கு மேல் என்றார்கள். ஜகாத் வசூலிக்கப் போனவர், இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் கேட்ட கேள்வி உங்கள் எல்லாருக்கும் தெரியும். தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்ற அந்தக் கேள்வியைத்தான் பெங்களூர் நீதிமன்றம் வேறு சொற்களில் கேட்டது.

2015 மே 11. கர்நாடக உயர் நீதிமன்றம். நீதிபதி குமாரசாமி எல்லாரையும் விடுவித்தார். 919 பக்கத் தீர்ப்பு. சொத்து 37,59,02,466 ரூபாய், வருமானம் 34,76,65,654 ரூபாய். மீறியது 2,82,36,812 ரூபாய், அதாவது 8.12 சதவீதம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் மன்னிக்கலாம் என்று 1977-ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது, ஆகவே விடுதலை. பந்தல் செலவு? கீழ்க்கோர்ட்டில் 3 கோடி. இங்கே 28 லட்சத்துச் சொச்சம்!

தீர்ப்பு வந்த பிறகு யாரோ ஒருவர் கால்குலேட்டரை எடுத்தார். வங்கிக் கடன்களை வரவில் சேர்த்து மொத்தம் 24,17,31,274 ரூபாய் என்று தீர்ப்பில் போட்டிருந்தது. அதே பக்கத்தில் இருந்த எண்களை வரிசையாகக் கூட்டினால் 10,67,31,274 ரூபாய்தான் வருகிறது. பதின்மூன்றரைக் கோடி கூட்டல் பிழை! அதைக் கழித்துவிட்டால் வருமானம் 21 கோடியாகக் குறையும். மீறிய சொத்து 16 கோடியைத் தாண்டும். 8 சதவீதம் 76 சதவீதமாக மாறும். உங்கள் கடைக் கணக்குப்பிள்ளை நூறு ரூபாய் தவறவிட்டால் இரவு பத்து மணி வரை உட்கார வைத்துக் கூட்டச் சொல்கிறீர்கள். இங்கே ஒரு மாநிலத்தின் ஆட்சியே அந்தக் கூட்டலின் மேல் நின்றது. மே 23-ல் மறுபடி முதல்வர். ஜூனில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. 2016-லும் வெற்றி.

மக்களுக்குக் கூட்டல் தெரியாதா? தெரியும். அம்மா உணவகத்தில் 1 ரூபாய்க்கு இட்லி சாப்பிட்ட கூலித் தொழிலாளிக்குத் திராட்சைத் தோட்டக் கணக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. அவனை நான் குறை சொல்லமாட்டேன். பசிக்கிறவன் கணக்கு வேறு. ஆனால் விலைவாசியும் வரியும் தெரிந்த நீங்களும் அதே கணக்கில் வாக்களித்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

கர்நாடக அரசு உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு வருவதற்கு முன் 2016 டிசம்பர் 5-ல் அம்மையார் காலமானார். 2017 பிப்ரவரி 5-ல் சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரமாணத்துக்கு ஆளுநர் வருவார் என்று கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ.க்களை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்பதாவது நாள், பிப்ரவரி 14-ல், நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் இருவரும் டி குன்ஹா தீர்ப்பே சரி என்றார்கள். இறந்துவிட்டதால் முதல் குற்றவாளி மீதான வழக்கு அற்றுப்போனது. மற்ற மூவரும் பெங்களூர் சிறைக்குப் போனார்கள். முக்காலியே இல்லாமல் நாற்காலியைப் பிடிக்கப் பார்த்தவரின் கதை அதோடு முடிந்தது.

1996 டிசம்பரில் போயஸ் தோட்டத்தில் கைப்பற்றிய நகைகள் பெங்களூர் நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தன. வாரிசுகள் கேட்டார்கள், கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்தது. பிப்ரவரியில் தமிழக அதிகாரிகள் பெட்டிகளோடு போய், எடை போட்டு, ஒவ்வொன்றையும் பட்டியலோடு சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு நகைகளையும் நிலப் பத்திரங்களையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவை இப்போது அரசுக் கணக்கில் இருக்கின்றன.